எந்த ஊர்ப் பிறை?

வானொலியில் வேலை பார்ப்பவர்களுக்கு நோன்புப் பெருநாளுக்கு முந்திய இரவு என்றாலே தலைவலிதான். மறுநாள் காலை நிகழ்ச்சிக்கு இரண்டு பட்டியல் தயாராக இருக்க வேண்டும். அரச முத்திரைக் காப்பாளர் தொலைக்காட்சியில் தோன்றி "நாளை ஹரி ராயா" என்று அறிவித்தால் ஒன்று, "நாளை மறுநாள்" என்றால் இன்னொன்று. பாட்டு, வாழ்த்து, விளம்பரம், நேயர் அழைப்பு எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் தலைகீழாகும். பல வருடங்களாக அந்த இரவை ஒலிபரப்புக் கூடத்தின் குளிரில் சுவெட்டர் போட்டுக்கொண்டு கழித்தவள் நான். 2022இல் மட்டும் லாகூரில் ஒரு வீட்டு மொட்டை மாடியில், வியர்வை வழிய, கொசு அடித்துக்கொண்டு கழித்தேன்.

அது என் கல்லூரித் தோழியின் வீடு. கோலாலம்பூரில் ஊடகத் துறையில் பட்டம் படித்தபோது மூன்று வருடம் என் அறைத்தோழி அவள். ஒருமுறை விடுமுறைக்கு ஊருக்குப் போனவள், "ஆவணப்படம் பார்த்து விமர்சனம் எழுத வேண்டும், இங்கே யூடியூப் இல்லை, நீ பார்த்துக் கதை சொல்" என்று மின்னஞ்சல் அனுப்பினாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். நபிகளை இழிவுபடுத்திய ஒரு படத்தின் காட்சிகள் அதில் இருந்ததால் 2012 செப்டம்பரில் பாகிஸ்தான் யூடியூபையே மூடிவிட்டது. மறுபடி திறந்தது 2016 ஜனவரியில்தான். நான் படத்தைப் பார்த்து நிமிடவாரியாகக் கதை எழுதி அனுப்பினேன். அதை வைத்து அவள் எழுதிய விமர்சனத்துக்கு என்னைவிட அதிக மதிப்பெண்! "இந்தக் கடனை ஒரு ஈத் விருந்தில் அடைப்பேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கோவிட் முடிந்து 2022 ஏப்ரல் முதல் தேதி நம் எல்லைகள் திறந்ததும், விசாவை இணையத்தில் விண்ணப்பித்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

"ரெண்டு வருஷம் வீட்டுலயே அடைஞ்சு கெடந்துட்டு, போறதுக்கு வேற ஊரே கெடைக்கலையா உனக்கு?" என்றார் அம்மா. அவருக்குத் தெரிந்த பாகிஸ்தான் கிரிக்கெட்டும் குண்டுவெடிப்பும்தான். எனக்கும் அதற்கு மேல் பெரிதாகத் தெரியாது என்பதை அவரிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் கடைசி வாரம் போய் இறங்கினேன். அந்த வருடம் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் வரலாறு காணாத வெயில். நம் ஊர் வெயில் வியர்க்க வைக்கும். லாகூர் வெயில் வறுத்து எடுக்கும். அத்தோடு மின்வெட்டு. அங்கே யாரும் மின்வெட்டு என்று சொல்வதில்லை, 'லோட் ஷெடிங்'தான். உருது தெரியாத நான் முதல் நாளே கற்றுக்கொண்ட உருதுச் சொல் அந்த ஆங்கிலச் சொல்தான்! ஒரு மணி நேரம் மின்சாரம் இருக்கும், ஒரு மணி நேரம் இருக்காது. போனதும் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் யு.பி.எஸ். 'பீப்' என்று ஒரு குரல் கொடுக்கும். இரண்டு மின்விசிறியும் இணைய மோடமும் மட்டும் அதில் ஓடும். குளிர்சாதனப் பெட்டியைக்கூட இணைக்காமல் மோடத்தை இணைத்திருக்கிறார்களே என்று கேட்டேன். "அது இல்லையென்றால் தம்பிக்குச் சோறு இல்லை" என்றாள் தோழி. தம்பி வீட்டிலிருந்தபடியே அமெரிக்காவில் யார் யாருக்கோ இணையத்தளம் வடிவமைத்துக் கொடுக்கிறான். இரவெல்லாம் வேலை, சஹருக்குச் சாப்பிட்டுவிட்டு சுபுஹ் தொழுதுவிட்டுத் தூக்கம். ரமலான் மாதம் தனக்காகவே வடிவமைக்கப்பட்டது என்பான்.

சமனாபாத் பகுதியில் மூன்று மாடி வீடு. தோழி ஒரு கல்லூரியில் ஊடகம் கற்பிக்கிறாள். அவளுடைய அப்பா தொலைபேசித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவை வீட்டில் எல்லோரும் 'அம்மி' என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். பெஷாவர்க்காரர், திருமணமாகி லாகூருக்கு வந்தவர். இவர்கள் எல்லோருக்கும் மேலே தாதி, அதாவது அப்பாவின் அம்மா. எண்பதைத் தாண்டியவர். அம்ரித்சரிலிருந்து ஏழு வயதில் வந்தவர். என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "உங்கள் ஊரில் ரமலானுக்கு என்ன சமைப்பார்கள்?" கம்போங் பாரு பள்ளிவாசலில் காய்ச்சிக் கொடுக்கும் புபூர் லம்போக் கஞ்சியைப் பற்றிச் சொன்னேன். நான் முஸ்லிம் இல்லை என்று தோழி முன்பே சொல்லியிருக்கிறாள். தாதி அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

நோன்பு மாதத்தில் பகலில் பொது இடத்தில் சாப்பிடுவது அந்த நாட்டில் குற்றம்; 1981இல் வந்த அவசரச் சட்டம் இன்னும் இருக்கிறது. வீட்டுக்குள் தடையில்லை. ஆனாலும் எல்லோரும் நாக்கு வறண்டு கிடக்கும்போது நான் மட்டும் எப்படி? "பயணிக்கு நோன்பு கடமை இல்லை, நீ பயணி" என்று சொல்லி, தாதி தினமும் இரண்டு பராட்டாவைத் துணியில் சுற்றிச் சமையலறையில் வைத்துவிடுவார். பதினோரு மணிக்கு நான் போய்த் திருடியைப் போல் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவேன்.

மொழி பெரிய சிக்கலாக இல்லை. தோழியும் தம்பியும் அப்பாவும் ஆங்கிலம் பேசுவார்கள். தாதியிடம் நான் மலாய்ச் சொற்களை வீசிப் பார்த்தேன். சாபுன், துனியா, கெருசி, செலுவார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவருக்கு ஒரே சிரிப்பு. சோப்பும் உலகமும் நாற்காலியும் கால்சட்டையும் அங்கும் கிட்டத்தட்ட அதே பெயரில்தான் இருக்கின்றன. வேறு எதுவும் பேச முடியாத நேரத்தில் நானும் தாதியும் இந்த நான்கு சொற்களை வைத்தே பொழுதைப் போக்கினோம்.

குளியலறைக்கு வெளியே சுவரில் ஒரு சிறிய மரப் பலகை அடித்திருந்தார்கள். உள்ளே போகிறவர்கள் கைப்பேசியை அதில் வைத்துவிட்டுத்தான் போவார்கள். கழிவறைக்குள் கைப்பேசியோடு போய் அரைமணி நேரம் உட்காரும் நம் பழக்கத்துக்கு எதிரான சுகாதார ஏற்பாடு என்று நினைத்தேன். காரணம் அது இல்லை. கைப்பேசியில் குர்ஆன் செயலி இருக்கிறது. செயலி மூடியிருந்தால் கொண்டு போகலாம், திறந்திருந்தால் கூடாது என்று மார்க்க அறிஞர்கள் விளக்கம் கொடுத்திருக்கிறார்களாம். ஒளு இல்லாமல் திரையைத் தொடலாமா என்பதிலும் அப்படியே பல கருத்துகள். தாதிக்கு இந்த நுணுக்கமெல்லாம் வேண்டாம். "வேதம் இருக்கும் பொருள் வெளியில் இருக்கட்டும், அவ்வளவுதான்" என்று பலகையை அடிக்கச் சொல்லிவிட்டார்.

தாதியின் கைப்பேசியில் இருந்த தொழுகைச் செயலியைப் பார்த்து எனக்கு ஆச்சரியம். முஸ்லிம் ப்ரோ! நம் பக்கத்து ஊர் சிங்கப்பூரில் உருவானது. லாகூரில் எண்பது வயதுப் பாட்டிக்கு சிங்கப்பூர்ச் செயலிதான் தொழுகை நேரம் சொல்கிறது. நான் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கும்போதே தம்பி அதில் தண்ணீர் ஊற்றினான். பயனர்கள் இருக்கும் இடம் பற்றிய தரவு அந்தச் செயலியிலிருந்து எக்ஸ்-மோட் என்ற நிறுவனத்துக்குப் போனதாகவும், அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க ராணுவத்துடன் தொடர்புடையவர்களும் இருந்ததாகவும் 2020 நவம்பரில் ஓர் அமெரிக்கச் செய்தித்தளம் வெளியிட்டது. செய்தி வந்ததும் அந்த உறவை முறித்துக்கொண்டதாகச் செயலி நிறுவனம் அறிவித்தது. தம்பி அன்றே அதைத் தன் கைப்பேசியிலிருந்து நீக்கிவிட்டான். தாதியிடமும் சொல்லிப் பார்த்தானாம். "நான் எங்கே இருக்கிறேன் என்று அமெரிக்காவுக்குத் தெரிய வேண்டுமா? தொழுகைப் பாயில் இருக்கிறேன் என்று சொல்" என்றாராம்.

இதையெல்லாம் கேட்டு நான் சிரித்தேன். தோழி ஓரளவுக்குத்தான் சிரித்தாள். மாணவர்கள் அனுப்பும் எதையும் மூன்று முறை படிக்காமல் அவள் பகிர்வதில்லை. மதம் பற்றிய எந்தப் பதிவுக்கும் விருப்பம்கூடத் தெரிவிப்பதில்லை. 2017 ஏப்ரலில் மர்தான் நகரப் பல்கலைக்கழகத்தில் மஷால் கான் என்ற 23 வயது மாணவரை, இணையத்தில் மத நிந்தனை செய்தார் என்ற வதந்தியை நம்பி, ஒரு கும்பல் வளாகத்துக்குள்ளேயே அடித்துக் கொன்றது. அவர் அப்படி எதுவும் எழுதியதற்கு ஆதாரமே இல்லை என்று பின்னர் விசாரணைக் குழு சொன்னது. அவர் படித்தது இதழியல். "ஊடகம் சொல்லிக்கொடுக்கும் முதல் வகுப்பில் நான் எதைச் சொல்லிக்கொடுப்பேன் என்று நினைக்கிறாய்? எதை எழுதக் கூடாது என்பதைத்தான்" என்றாள். நாங்கள் இருவரும் ஒரே வகுப்பில், ஒரே பாடப் புத்தகத்தில், ஒரே பேராசிரியரிடம் கருத்துச் சுதந்திரம் படித்தவர்கள்.

அம்மியின் கைப்பேசிக் கதை வேறு. அவர் அதிகம் பேசமாட்டார், சமையலறையே கதி. ஆனால் மாவு பிசையும்போதுகூட பக்கத்தில் கைப்பேசி திறந்தே இருக்கும். அவ்வப்போது புறங்கையால் திரையைத் தட்டி, புலனத்தில் தன் தம்பியின் பெயரைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவார். எதுவும் எழுதமாட்டார். இரண்டு மாதத்துக்கு முன், மார்ச் 4ஆம் தேதி வெள்ளிக்கிழமைத் தொழுகையின்போது, பெஷாவர் பழைய நகரத்தின் கூச்சா ரிசால்தார் ஷியா பள்ளிவாசலில் தற்கொலைக் குண்டு வெடித்து 60 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அம்மியின் தம்பி கடை வைத்திருப்பது அந்தப் பக்கம்தான். அன்று மதியம் அழைப்பு போகவில்லை. 'கடைசியாகப் பார்த்தது 12.51' என்று திரையில் நின்ற எழுத்து மூன்று மணி நேரம் மாறவே இல்லையாம். பிறகு 4 மணி வாக்கில் 'இணைப்பில்' என்று மாறியது. அவர் ஒரு வார்த்தையும் அனுப்பவில்லை, இவரும் அனுப்பவில்லை. அந்த ஒரு சொல்லே போதுமாக இருந்தது. அன்றிலிருந்து வந்த பழக்கம் இது என்று தோழி சொன்னாள். நான் இதுவரை அந்த வரியை யார் நம்மைத் தவிர்க்கிறார்கள் என்று கண்டுபிடிக்க மட்டும்தான் பயன்படுத்தியிருக்கிறேன்.

மே முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை. நோன்பு 29. நம் ஊர் நாட்காட்டியில் பெருநாள் 3ஆம் தேதி என்று சிவப்பில் அச்சாகியிருந்தது. லாகூரிலும் செவ்வாய்க்கிழமைதான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நோன்பு துறக்க இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும்போது என் கைப்பேசி அதிர ஆரம்பித்தது. அலுவலகக் குழுவில் ஒரே கூச்சல். பிறை தெரிந்துவிட்டது, நாளைக்கே ராயா! ரெண்டாங் அடுப்பில் ஏற்றாதவர்கள், பலகாரம் வாங்காதவர்கள், பலேக் கம்போங் பயணத்தில் நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டவர்கள் என்று மலேசியாவே பதறிக்கொண்டிருந்தது. என் இடத்தில் அன்று வேலை பார்த்த தம்பி, "அக்கா, இரண்டாவது பட்டியல் எந்தக் கோப்பில் இருக்கு?" என்று கேட்டு எட்டு செய்தி அனுப்பியிருந்தான்.

"மலேசியாவில் நாளை ஈத்" என்று நான் சொன்னதும் கூடத்தில் இருந்த எல்லோரும் என்னையே பார்த்தார்கள், நான்தான் பிறையைப் பார்த்தவள் போல. தாதிக்கு மட்டும் கவலை. "உனக்கு நாளை ஈத் என்றால் நாளைக்கே உனக்கு ஷீர் குர்மா வைக்க வேண்டுமே, பாலும் பேரீச்சையும் இருக்கிறதா பார்" என்று அம்மியை விரட்டினார்.

நோன்பு துறக்கும் நேரத்துக்கு மொட்டை மாடிக்குப் போனோம். பேரீச்சம்பழம், பக்கோடா, பழக் கலவை, செக்கச் சிவந்த ரூஹ் அஃப்ஸா எல்லாம் மேலே வந்தன. மேற்கே வானம் தூசி படிந்த செம்பு நிறத்தில் இருந்தது. பக்கத்து மாடிகளிலும் தலைகள். நான் ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துச் சுவர்மேல் வைத்தேன்; எங்கே போனாலும் ஊரின் ஒலியைப் பிடித்து வருவது என் வழக்கம். சூரியன் மறைந்ததும் முதல் பள்ளிவாசலில் பாங்கு எழுந்தது. இரண்டு விநாடி கழித்து இன்னொன்று. பிறகு மூன்று, நான்கு, பத்து. ஒவ்வொன்றும் வேறு வேறு சுருதியில், வேறு வேறு தூரத்தில். யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

தோழியின் அப்பா ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, ஒலிபெருக்கி வந்த கதையைச் சொன்னார். தொழுகையில் ஒலிபெருக்கியைப் பயன்படுத்தலாமா, அதில் வருவது இமாமின் குரலா அல்லது எந்திரத்தின் குரலா என்று துணைக்கண்டத்து உலமாக்கள் பல்லாண்டு விவாதித்திருக்கிறார்கள். கராச்சியில் வாழ்ந்த முஃப்தி முஹம்மது ஷஃபீ முதலில் கூடாது என்று சொல்லி, பிறகு கருத்தை மாற்றிக்கொண்டார். இன்று நிலைமை எப்படியென்றால், 2015இல் பஞ்சாப் மாநிலம் பள்ளிவாசலுக்கு வெளியே ஒலிபெருக்கி இத்தனைதான், இதற்கு மட்டும்தான் என்று சட்டம் போட வேண்டியிருந்தது. "ஐம்பது வருடத்தில் எந்திரம் ஹராமிலிருந்து தொல்லைக்கு வந்துவிட்டது" என்று சிரித்தார். ஒலிவாங்கியை நம்பிப் பிழைக்கும் எனக்கு, அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள்மேல் மரியாதைதான் வந்தது. கூடத்தில் உட்கார்ந்து நான் பேசுவதும் நேயர் சமையலறையில் கேட்பதும் ஒரே குரலா என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

பிறை தெரியவில்லை. தெரியவும் வாய்ப்பில்லை என்றார் அப்பா. அமாவாசை முடிந்ததே அன்று அதிகாலை ஒன்றரை மணிக்குத்தான். பிறைக்கு வயது பதினேழு மணி நேரம். இந்தத் தூசியில் வெறுங்கண்ணுக்கு அது சிக்காது. அவர் கணக்குக் கட்சி. 2019இல் அறிவியல் தொழில்நுட்ப அமைச்சராக இருந்த ஃபவாத் சௌத்ரி ஐந்து வருடத்துக்கான பிறை நாட்காட்டியைத் தயாரித்து, அதற்கு ஒரு செயலியும் வெளியிட்டார். அப்போது பிறைக் குழுவின் தலைவராக இருந்த முஃப்தி முனீபுர் ரஹ்மான் அதை ஏற்கவில்லை. மார்க்க விஷயத்தில் மார்க்கம் அறிந்தவர்கள்தான் பேச வேண்டும் என்பது அவர் பக்கத்து வாதம். அப்பாவுக்கு இன்னும் ஆற்றாமை. "தொலைநோக்கி ஆகும், கடிகாரம் பார்த்து நோன்பு துறப்பது ஆகும், கணக்கு மட்டும் ஆகாதா? வங்கிக் கணினியைப் பார், ரமலான் முதல் நாள் என்று பிறைக் குழு சொல்லும்வரை அதுவும் காத்திருக்கிறது!" என்றார். அது உண்மைதான். அங்கே சேமிப்புக் கணக்கில் குறிப்பிட்ட தொகைக்கு மேல் இருந்தால் ரமலான் முதல் நாளில் வங்கியே இரண்டரை விழுக்காடு ஜகாத்தைக் கழித்துக்கொள்கிறது. 1980இல் வந்த ஏற்பாடு. ஷியா பிரிவினர் போராடி விலக்கு வாங்கினார்கள். மற்றவர்களிலும் பலர் அரசாங்கத்தின் கையில் கொடுக்க மனமில்லாமல், முந்திய நாளே பணத்தை எடுத்துத் தாங்களே ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அப்பாவும் அந்த ரகம்தான் என்று பிறகு தோழி காதில் சொன்னாள்.

நமக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை. வாக்கியமா திருக்கணிதமா என்ற சண்டையில் சனிப்பெயர்ச்சிக்கு இரண்டு தேதி வைத்துக்கொண்டு, இரண்டுக்கும் அர்ச்சனைச் சீட்டு வாங்குகிற வீட்டிலிருந்து போனவள் நான்.

இருட்டியதும் எதிர்பார்த்தபடி மின்சாரம் போனது. 'பீப்'. அந்தப் பகுதியில் எல்லோரும் ஒரே நேரத்தில் கைப்பேசியைத் திறந்ததாலோ என்னவோ, இணையமும் நொண்டியது. தம்பிக்கு முதலில் ஒரு செய்தி வந்தது: பிறை தெரிந்துவிட்டது, நாளை ஈத். கீழே தெருவில் யாரோ பட்டாசு வெடித்தார்கள். இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு செய்தி: இல்லை, அது போன வருடத்துக் காணொளி. போன வருடம் இரவு பதினொன்றரை மணிக்கு அறிவித்து, தூங்கப்போன ஊரையே எழுப்பிவிட்டார்களாம். அதனால் யாரும் எதையும் முழுசாக நம்பவும் இல்லை, விடவும் இல்லை. ஆளுக்கொரு திரை, ஆளுக்கொரு பதில்.

"நிறுத்துங்கள் எல்லாவற்றையும்" என்றார் தாதி. படுக்கைக்கு அடியிலிருந்து துணி உறை போட்ட ஒரு டிரான்சிஸ்டர் வெளியே வந்தது. என் மனம் ஏன் அப்படித் துள்ளியது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை! பாட்டரியில் ஓடுவது, மின்வெட்டைப் பற்றிக் கவலைப்படாதது. கரகரப்பை ஒதுக்கி ஒதுக்கி ரேடியோ பாகிஸ்தானைப் பிடித்தார். காத்திருந்த நேரத்தில், 1947 ஆகஸ்டில் நள்ளிரவில் இதே லாகூர் நிலையத்திலிருந்து முஸ்தஃபா அலி ஹம்தானி உருதுவில் "இது பாகிஸ்தான் ஒலிபரப்பு" என்று அறிவித்ததைச் சொன்னார். அதுவும் ஒரு ரமலான் இரவு. அதைத் தாதி நேரில் கேட்கவில்லை. அப்போது அவர் குடும்பம் அம்ரித்சரில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. லாகூருக்கு வந்து சேர்ந்த பிறகு ஊரில் எல்லோரும் அந்தக் குரலைப் பற்றியே பேசினார்களாம். "ஒரு நாடு பிறந்ததையே அதில்தான் சொன்னார்கள். பிறையைச் சொல்ல மாட்டார்களா?"

சொன்னார்கள். மௌலானா அப்துல் கபீர் ஆசாத் தலைமையில் இஸ்லாமாபாதில் கூடிய குழு, நம்பத்தகுந்த சாட்சியம் எங்கிருந்தும் வரவில்லை, பெருநாள் மே 3 செவ்வாய்க்கிழமை என்று அறிவித்தது. தாதி டிரான்சிஸ்டரை உறைக்குள் போட்டார். வீட்டில் எல்லோரும் கைப்பேசியைக் கீழே வைத்தார்கள். தொழில்முறையில் எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. என் குரலைக் கேட்டு ஒரு வீடு இப்படி அமைதியானதாக எனக்கு நினைவில்லை.

ஆனால் அம்மி கைப்பேசியைக் கீழே வைக்கவில்லை. நள்ளிரவை நெருங்கும்போது பெஷாவரிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே நாளைக்கே ஈத். பிறை தெரிந்ததற்குப் பல இடங்களிலிருந்து சாட்சியங்கள் கிடைத்ததாகச் சொல்லி மாநில அரசே திங்கட்கிழமை கொண்டாடுகிறது. பெஷாவரின் காசிம் அலி கான் பள்ளிவாசல் பல வருடங்களாக இஸ்லாமாபாதுக்குக் காத்திராமல் தானே பிறை அறிவிப்பது வழக்கம். அதன்படி அங்கே பலரும் ஏப்ரல் 2ஆம் தேதியே நோன்பைத் தொடங்கிவிட்டார்கள். லாகூரில் 3ஆம் தேதி. ஆக அவர்களுக்கு 30 முடிந்துவிட்டது, 31ஆவது நோன்பு என்று ஒன்று கிடையாது. லாகூரில் 29தான் முடிந்திருக்கிறது. இரண்டு கணக்கும் சரி. ஆனால் பெருநாளன்று நோன்பு வைப்பது தடுக்கப்பட்டது. ரமலானில் காரணமில்லாமல் நோன்பை விடுவதும் பாவம். நாளை திங்கட்கிழமை பெஷாவரில் அம்மா சாப்பிடுகிறார், லாகூரில் மகள் பட்டினி. இருவரில் ஒருவர் தவறு செய்கிறார் என்றுதானே அர்த்தம் வருகிறது?

நான் அதைக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான். அம்மி கோபப்படவில்லை. தோழி மொழிபெயர்த்தாள்: "கல்யாணமாகி வந்த முதல் வருடம் இதே கேள்வியோடு இரவெல்லாம் அழுதேன். என் அம்மாதான் தொலைபேசியில் சொன்னார், நீ எந்த ஊர்ச் சோற்றைச் சாப்பிடுகிறாயோ அந்த ஊர்ப் பிறைதான் உனக்கு, என்னுடையதைப் பார்க்காதே என்று. அப்போது அழைப்புக்குக் காசு அதிகம், மூன்று நிமிடம்தான் பேசுவோம். பிறகு ஒரு நாள் முழுக்க அவர் ஈத் கொண்டாடுவதை நான் பார்க்க வேண்டியதில்லை. இப்போது பார்க்க வேண்டியிருக்கிறது."

மறுநாள் பார்த்தார். அதிகாலை மூன்றே முக்கால் மணிக்குள் எல்லோருக்கும் சஹர் சமைத்துப் போட்டுவிட்டு, தானும் நோன்பு வைத்துக்கொண்டு, காலை பத்து மணிக்குக் கைப்பேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து உட்கார்ந்தார். திரையில் நானி, புது துப்பட்டா, பின்னால் குழந்தைகளின் இரைச்சல். அம்மியின் தம்பியும் வந்தார். இருக்கிறார், முழுசாக இருக்கிறார் என்று காட்டுவதற்கே போல ஒரு சுற்றுச் சுற்றி நின்றார். நானி ஒரு கரண்டி ஷீர் குர்மாவை எடுத்துத் திரைக்கு நேரே நீட்டினார், பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு தானே சாப்பிட்டார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அழைப்பு நடுவில் உறைந்து, கரண்டியோடு நானியின் முகம் அப்படியே நின்றது. மோடம் மறுபடி உயிர் பெறும்வரை அம்மி அந்த உறைந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தாதி சொன்னபடி அன்று எனக்கு மட்டும் தனியாக ஷீர் குர்மா வந்தது. மலேசியக் கணக்கில் எனக்குப் பெருநாளாம்! நான் இந்து என்பதை அன்றும் யாரும் ஞாபகப்படுத்தவில்லை. நோன்பிருக்கும் ஆறு பேருக்கு நடுவே, துணி சுற்றிய பராட்டாவுக்குப் பதிலாக முந்திரி மிதக்கும் பால் பாயசத்தைச் சமையலறையில் நின்றுகொண்டே குடித்தேன்.

செவ்வாய்க்கிழமை ஈத் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முந்திய இரவு அனார்கலிக் கடைத்தெருவில் தோழியோடு வளையல் வாங்க நசுங்கினேன். கடைக்காரர் பணத்தை ஈஸிபைசா வழியாகக் கைப்பேசியிலேயே வாங்கிக்கொண்டார், ஆனால் என் கை அளவை மட்டும் விரலை மடக்கி ஒரு பார்வையில் சொல்லிவிட்டார். காலையில் ஆண்கள் தொழப் போனார்கள், வந்தார்கள், கட்டியணைத்தார்கள், வெயிலில் எல்லோரும் தூங்கினார்கள்.

திரும்பி வந்து அந்த மொட்டை மாடி ஒலிப்பதிவை ஒரு நிகழ்ச்சியில் சேர்க்கக் கொடுத்தேன். ஒலிப்பொறியாளர் காதணியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார். "என்ன இது, இவ்வளவு எதிரொலி? சுத்தம் பண்ணிரவா?" என்றார். எதிரொலி இல்லை, தனித்தனிப் பள்ளிவாசல்கள் என்றேன். அவர் நம்பாமல் அலைவரிசைகளைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஒன்றன்பின் ஒன்றாகப் பதினோரு குரலை எண்ணினார். நான் பத்து என்றுதான் நினைத்திருந்தேன். பாங்கு முடிந்ததும் தட்டுகளின் சத்தம், பக்கத்து மாடியில் ஒரு குழந்தை, தாதி ஏதோ கேட்பது, தம்பி பதில் சொல்வது.

"அந்தப் பாட்டி என்ன கேக்கிறாங்க?"

"பிறை தெரியுதான்னு."

"அவன்?"

"இன்னும் இல்லைங்கிறான்."

அதற்குப் பிறகு ஒரு 'பீப்'. அதை மட்டும் வெட்டிவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.